நியமனமும் தேர்தலும்: மாணவர் பாராளுமன்றத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

எமது பாடசாலையில் முதன்முதலாக மாணவர் பாராளுமன்றம் கூடியபோது செங்கோல் ஒன்று தேவைப்பட்டது. பழைய திரைச்சீலைக் கம்பியொன்றுக்குத் தங்க நிறக் கடதாசியைச் சுற்றி, நுனியில் ஒரு மரப்பந்தைப் பொருத்திப் பிள்ளைகளே அதைச் செய்து கொடுத்தார்கள். சபாநாயகருக்கான கறுப்பு அங்கி ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரிடமிருந்து இரவலாக வந்தது. கூட்ட மண்டபத்தின் கதிரைகளை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டோம். பொறுப்பாசிரியர் யார் என்ற பேச்சு வந்தபோது ஓய்வறையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "தமிழ் சேர்தானே, பேச்செல்லாம் எழுதிக் குடுப்பாரு."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர், விளையாட்டுத்துறை அமைச்சர், எதிர்க்கட்சி உறுப்பினர் என்று எல்லாருடைய உரையும் என் கையெழுத்தில்தான் இருந்தது. கேள்வியும் நான் எழுதியது, பதிலும் நான் எழுதியது. விருந்தினர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். படங்கள் இன்னமும் அலுவலகச் சுவரில் தொங்குகின்றன.

ஆனால் அந்தப் படங்களில் இருக்க வேண்டிய ஒரு முகம் இல்லை. இக்கட்டுரையை எழுத வைத்தது அந்த முகம்தான்.

மாணவர் பாராளுமன்றத்தின் நடைமுறையை வாசகர்கள் அறிவார்கள். வகுப்புகள் தோறும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறோம். அவர்கள் ஒன்றுகூடிச் சபாநாயகரையும் பிரதமரையும் தெரிகிறார்கள். அமைச்சர்கள், பிரதி அமைச்சர்கள், படைக்கலச் சேவிதர் என்று பதவிகள் தொடர்கின்றன. சில பாடசாலைகளின் பிள்ளைகள் கோட்டேயிலுள்ள பாராளுமன்றக் கட்டடத் தொகுதிக்கே சென்று அமர்வு நடத்தும் வாய்ப்பையும் பெறுகிறார்கள்.

எங்கள் முதல் சபையில் 64 உறுப்பினர்கள். பிரதமர் பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டார்கள். 37 வாக்குகள் பெற்று வென்றவன் தரம் 11இல் படித்த ஒரு பையன். வாப்பா சைக்கிளில் மீன் விற்பவர். பரீட்சைப் புள்ளிகளில் நடுத்தரம். மாணவத் தலைவர் பட்டியலில் அவன் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கும். தண்ணீர்க் குழாயடியில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் பெரிய பையன்களைத் தட்டிக் கேட்பவன் அவன்தான் என்று பின்னர் அறிந்தேன்.

அன்று பின்னேரம் ஓய்வறையில் பேச்சு வேறு விதமாக நடந்தது. வலயத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், மைக்கைப் பிடித்துத் தடுமாறினால் பாடசாலைக்குத்தான் மானக்கேடு, இரண்டாவதாக வந்த பிள்ளை மாணவத் தலைவர், பேச்சுப் போட்டியில் மாகாண மட்டம் வரை போனவர், அவரைப் போடுவோம் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. 19 வாக்குகள் பெற்றவரின் பெயரை அறிவித்தலில் எழுதியது நான்தான். வாக்குச்சீட்டுகள் என் அலுமாரியில் கிடந்தன. மறுகா யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு அந்தப் பையன் விறாந்தையில் என்னை மறித்தான். கோபமாக இல்லை, கணக்கில் விளங்காததைக் கேட்பது போலத்தான் கேட்டான்.

"சேர், நாங்க போட்ட வோட்டெல்லாம் எங்க போன?"

"நீ படிப்பப் பாரு மனே, சோதின வருது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். அது பதிலல்ல என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிலைத் தேடிப் போகையில் எமது சமூகத்தின் சட்டசபை வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

1889: முதல் நியமனம்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் வழியே 1833இல் இலங்கையில் சட்டநிரூபண சபை உருவானது. அதில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களுக்கு ஆறு ஆசனங்கள். மூன்று ஐரோப்பியருக்கு; சிங்களவர், தமிழர், பறங்கியருக்கு ஒவ்வொன்று. சோனகருக்கு ஆசனமில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சபையில் எமது சமூகத்தின் பெயரால் பேச ஒருவரும் இருக்கவில்லை.

1888இல், அச்சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை முன்வைத்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் சாரம். பின்னர் 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். இந்த விவாதத்தை நாம் வழக்கமாக இனவியல் விவாதமாகவே படிக்கிறோம். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒருவருக்காக இன்னொருவர் பேச முடியுமா? அப்படிப் பேசுவதாயின் அதற்கான அனுமதியை யார் கொடுப்பது?

1889இல் உத்தியோகப்பற்றற்றவர் தொகை ஆறிலிருந்து எட்டானது. கண்டிச் சிங்களவருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று. தேசாதிபதி எம். சி. அப்துல் ரகுமானை நியமித்தார். சட்டசபையில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவரே. எமது நூல்கள் அந்த ஆண்டைப் பெருமையோடு குறிப்பிடுகின்றன, அது நியாயமும்கூட. வெளியே நின்ற சமூகத்துக்குக் கதவு திறந்தது.

ஆனால் கதவைத் திறந்தவர் தேசாதிபதி. யார் உள்ளே வரலாம் என்று தீர்மானித்தவரும் அவரே. காலியிலோ மட்டக்களப்பிலோ கண்டியிலோ இருந்த ஒரு முஸ்லிமிடமும் உன் விருப்பம் என்ன என்று கேட்கப்படவில்லை. தகுதியானவர் எவரென்று மேலிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள், அறிந்திருப்பதாக நம்பினார்கள். எங்கள் ஓய்வறையில் அன்று பின்னேரம் நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

முப்பத்தைந்து ஆண்டுகள்

இந்த நிலை எவ்வளவு காலம் நீடித்தது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. படித்த இலங்கையருக்கான ஆசனத்துக்கு 1911இல் தேர்தல் நடந்தபோதும் முஸ்லிம் ஆசனம் நியமன ஆசனமாகவே தொடர்ந்தது. 1921 சபையிலும் அப்படியே. 1924இல்தான் முஸ்லிம் வாக்காளர் தாமே தெரிவு செய்யும் மூன்று ஆசனங்கள் கிடைத்தன. எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், ரி. பி. ஜாயா ஆகியோர் அவ்வழியே சபைக்குச் சென்றார்கள். அப்போதும் வாக்குரிமை சொத்து, வருமானம், கல்வி என்ற வேலிகளுக்குள்தான் இருந்தது. மீன் கூடை சுமந்தவருக்கு அதில் இடமில்லை.

1889இலிருந்து 1924 வரை முப்பத்தைந்து ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு மேல், "உங்களுக்காக ஒருவர் இருக்கிறார்" என்ற ஆறுதலோடு எமது சமூகம் வாழ்ந்திருக்கிறது. நியமிக்கப்பட்டவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உழைத்தார்கள். ஆனால் அவர்கள் உழைக்காவிட்டால் அவர்களை மாற்றுவதற்கு எமது கையில் எதுவுமே இருக்கவில்லை.

1931: வாக்கும் பயமும்

டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்து 1928இல் அறிக்கை தந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக, 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 30 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்கு கிடைக்க வேண்டும் என்றது. சட்டநிரூபண சபையில் இந்தத் திட்டம் 19க்கு 17 என்ற வாக்கில், இரண்டே வாக்குப் பெரும்பான்மையால் நிறைவேறியது. 1931இல் தேர்தல் நடந்தது. மீன்காரரும் பாய் பின்னும் பெண்ணும் முதன்முதலாக வாக்களித்தது அப்போதுதான்.

எமது தலைவர்களுக்குப் பயமிருந்தது. நாடெங்கும் சிதறி வாழும் சமூகம் பொதுத் தொகுதிகளில் கரைந்து போய்விடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதல்ல என்பதைத் தேர்தல் முடிவுகள் காட்டின. 1931இல் மட்டக்களப்புத் தெற்கிலிருந்து மாக்கான் மாக்கார் ஒருவர் மட்டுமே தேர்தலில் வென்ற முஸ்லிமாக அரசாங்க சபைக்குப் போய், போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சரானார். 1936 பொதுத் தேர்தலில் ஒரு முஸ்லிமும் வெல்லவில்லை. ஜாயாவும் றாஸிக் பரீதும் நியமன உறுப்பினர்களாகவே உள்ளே போனார்கள்.

ஆகவே தேர்தல் நல்லது, நியமனம் கெட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. சிறுபான்மைக்குத் தேர்தல் சில வேளைகளில் வெறுங்கையைத் தந்திருக்கிறது, நியமனம் கைகொடுத்திருக்கிறது. இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

மூன்று வாசல்கள்

இந்த இடத்தில் ஜாயாவின் வாழ்வை ஒரு பாடமாகவே வைத்துப் படிக்கலாம். 1924இல் முஸ்லிம்களின் வாக்கால் சபைக்கு வந்தார். 1936இல் நியமனத்தால் வந்தார். 1947இல் மூன்று அங்கத்தவர்களைத் தெரிவு செய்யும் கொழும்பு மத்திய தொகுதியில், எல்லாச் சமூகத்தவரின் வாக்கும் விழும் பெட்டியிலிருந்து வந்தார். மூன்று வாசல்களாலும் நுழைந்த மனிதர் அவர்.

1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை ஒட்டிய வெள்ளை அறிக்கையை ஏற்பதா என்ற பிரேரணை அரசாங்க சபையில் வந்தபோது அது 51க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது. ஜாயா அதை ஆதரித்துப் பேசினார். சமூகத்துக்கென்று பேரம் பேசக்கூடிய வேளையில் நாட்டின் விடுதலையை முன்னே வைத்தார் என்று எமது வரலாற்றாசிரியர்கள் அந்த உரையை எடுத்துச் சொல்வார்கள். அவர் அப்போது நியமன உறுப்பினர்தான். ஆனால் பேசியது தமது சொந்தப் பேச்சு. வேறொருவர் எழுதிக் கொடுத்த தாளை வாசிக்கவில்லை.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எந்த வாசலால் வந்தார் என்பது ஒரு கேள்வி. வந்தவர் யாருக்குப் பதில் சொல்கிறார், யாருடைய வார்த்தையைப் பேசுகிறார் என்பது மற்றொன்று. எங்கள் சபையில் இரண்டிலும் தவறியிருந்தோம். பிரதமரை நாங்கள் நியமித்தோம். அவருடைய வாய்க்குள் வார்த்தையையும் நானே வைத்தேன்.

இன்னொரு விடயத்தையும் ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஜாயா 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர். அவருக்குப் பின் அந்தக் கதிரையில் அமர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸ் 1952 முதல் செனட்டராகவும் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கும் சட்டசபைக்கும் இடையில் நடந்து போய்வரக்கூடிய ஒரு பாதை எமது சமூகத்தில் இருந்தது. மாணவர் பாராளுமன்றம் என்ற பெயரைக் கேட்டதும் அது யாரோ எமக்கு இறக்குமதி செய்து தந்த விளையாட்டு என்று நினைக்கத் தேவையில்லை.

இளையோர் கூடிய சபைகள்

இளையோர் சபை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்றோர் அமைப்பு தொடங்கியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முக்கியமானவர். சாதி ஏற்றத்தாழ்வை எதிர்த்தார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். டொனமூர்த் திட்டம் முழுமையான சுயாட்சியைத் தரவில்லை என்று சொல்லி 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரினார்கள். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த முடிவு சரியா பிழையா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. இளையவர்களின் தீர்மானத்துக்கு எடை இருந்தது என்பதில் மட்டும் வாதமில்லை.

இது மாதிரிச் சபையல்ல, உண்மையான அரசியல் அமைப்பு. மாதிரிச் சபைகளின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 1935இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜன், உயர்தரப் பாடசாலைப் பையன்களைக் கூட்டி ஒரு மாநில அரசையே நடத்திப் பார்க்கும் திட்டத்தை ஆரம்பித்தது. ஐரோப்பாவில் பாசிசம் இளைஞரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1946இல் அது தேசிய மட்டத்துக்கு வளர்ந்து, பின்னர் 'போய்ஸ் நேஷன்' என்ற பெயரைப் பெற்றது.

1963 ஜூலையில் அந்தப் பையன்கள் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி கெனடியைச் சந்தித்தார்கள். பதினாறு வயதுப் பில் கிளின்டன் கெனடியின் கையைக் குலுக்கும் படம் உலகப் பிரசித்தம். அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கு அதன் பின்னாலுள்ள செய்தி பெரும்பாலும் தெரியாது. அந்தக் கிழமை அமெரிக்க மாநில ஆளுநர்களின் மாநாடு கறுப்பின மக்களின் குடியுரிமைகள் பற்றிய தீர்மானமொன்றை எடுக்காமல் நழுவியது. பையன்களின் மாதிரிச் சபையோ அதே விடயத்தில் தீர்மானம் எடுத்தது. கெனடியே அதைச் சுட்டிக்காட்டிப் பாராட்டினார். பெரியவர்கள் தட்டிக்கழித்ததைப் பிள்ளைகள் பேசினார்கள். அவர்கள் வாசித்தது ஆசிரியர் எழுதிக்கொடுத்த தாளாக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

இந்தியாவில் 1962இல் மும்பையில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் சிபாரிசைத் தொடர்ந்து, 1966 – 67இல் டில்லிப் பாடசாலைகளில் இளைஞர் பாராளுமன்றப் போட்டி தொடங்கியது. போட்டி என்பதால் நடை, உச்சரிப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்குப் புள்ளி. எமது நடைமுறை பெரும்பாலும் இந்த வழியையே ஒத்தது. பிரித்தானிய இளைஞர் பாராளுமன்றம் 1999இல் ஆரம்பிக்கப்பட்டது. 11 முதல் 18 வயதானவர்கள் அதன் உறுப்பினர்கள். 2009 ஒக்டோபரில் அவர்கள் பொதுமக்கள் சபையின் மண்டபத்திலேயே அமர்ந்தார்கள். பாராளுமன்ற உறுப்பினரல்லாத எவரும் அந்தப் பச்சை ஆசனங்களில் அமர்ந்து விவாதித்தது அதுவே முதல் தடவை. அங்கு கவனிக்க வேண்டியது ஆசனத்தின் நிறமல்ல. விவாதத்தின் முடிவில் வாக்கெடுத்து, வெல்லும் விடயத்தை அடுத்த ஆண்டின் பிரசாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். வாக்குக்குப் பின் ஒரு வேலை இருக்கிறது.

பெட்டியும் முத்திரையும்

இவ்வளவையும் வாசித்த பிறகு ஒரு தேர்தல் வந்தது, நாட்டின் தேர்தல். வழமைபோல எங்களில் பலருக்குக் கடமை விழுந்தது. இலங்கையில் வாக்கெடுப்பு நிலையங்களை நடத்துபவர்களில் ஆசிரியர்கள் ஏராளம் என்பது தெரிந்ததே. முதல் நாளே பெட்டியோடு போய் நிலையத்தில் படுத்தோம். விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு, வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் கட்சி முகவர்களுக்குக் காட்டினோம். முத்திரையிட்டோம். ஒவ்வொரு விரலிலும் மை பூசினோம். கிழிந்த ஒரு சீட்டுக்கும் கணக்கு வைத்தோம். நடக்க முடியாத ஒரு மூத்தம்மாவைப் பேரன் கதிரையோடு தூக்கிவந்தான். அவவுடைய சீட்டு பெட்டிக்குள் விழும்வரை நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்தபோது அலுமாரியில் கிடந்த அந்த 64 சீட்டுகள் நினைவுக்கு வந்தன. ஊர் பேர் தெரியாத கிழவியின் வாக்குக்கு இவ்வளவு பயந்து நடக்கிற நாங்கள், எங்கள் பிள்ளைகளின் வாக்கை ஒரு தேநீர் நேரத்தில் மாற்றிவிட்டோம். எமது நாட்டில் 1959 முதல் வாக்களிக்கும் வயது 18. தரம் 11இல் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. பெட்டிக்குள் போடுவது ஒன்று, வெளியே வருவது வேறொன்று என்று அவனுக்கு முதற்பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான்.

காலைக் கூட்டத்தில் மௌலவி ஷூறாவைப் பற்றி அடிக்கடி பேசுவார். அல்குர்ஆனில் அந்தப் பெயரிலேயே ஒரு சூறா இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். கலந்தாலோசிப்பது மார்க்கத்தில் உள்ளது என்று காலையில் சொல்லிவிட்டு, பின்னேரம் ஓய்வறையில் தனியே முடிவெடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்த சபை

அடுத்த முறை சபை கூடியபோது இரண்டு விடயங்களைக் கேட்டு வாங்கினேன். வாக்குகளைப் பிள்ளைகளின் முன்னாலேயே எண்ணிக் கரும்பலகையில் எழுதுவது ஒன்று. உரைகளை நான் எழுதுவதில்லை, எழுத்துப்பிழை மட்டுமே பார்ப்பேன் என்பது மற்றது. அதிபருக்குத் தயக்கம். "நிகழ்ச்சி பாழாப் போனா நீங்கதான் பொறுப்பு" என்றார். ஒத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி ஓரளவுக்குப் பாழானது உண்மைதான். சபாநாயகர் இரண்டு தரம் சிரித்துவிட்டார். ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, என்ன ஒழுங்கு என்று கேட்டபோது மறந்துபோய் உட்கார்ந்தார். பேச்சுகளில் பாதி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருந்தன. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அது காதில் கொஞ்சம் உறுத்தியது.

வாய்மூல வினா நேரத்தில் தரம் 10 பிள்ளையொருத்தி எழுந்தாள். "கௌரவ சபாநாயகர் அவர்களே, பொம்புளப் புள்ளைகள்ட மலசலகூடத் தெறப்பு ஏன் ஒபிசில இரிக்கி? ஒவ்வொரு தரமும் ஆம்புள சேர்மார்ட்டப் போய்க் கேக்க ஏலுமா?"

மண்டபம் அடங்கிப் போனது. சுகாதார அமைச்சர் ஒரு பையன், அவனிடம் பதிலில்லை. ஆனால் எழுதி வைத்த பொய்ப் பதிலும் இருக்கவில்லை. "எனக்குத் தெரியாது, விசாரிச்சிட்டுச் சொல்றன்" என்றான். அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட மிக நேர்மையான அமைச்சர் பதில் அதுதான். முன் வரிசையில் அதிபர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் எனக்கு ஏச்சு விழுந்தது. விருந்தினர் முன்னால் கேட்கிற கேள்வியா அது என்றார்கள். கேட்டது பெண்பிள்ளை என்பதால் ஏச்சில் இன்னும் கொஞ்சம் உறைப்பு. 1931இல் எமது பெண்களுக்கும் ஆண்களோடு ஒரே நாளில் வாக்குக் கிடைத்ததையும், முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர் ஆயிஷா ரவூப் 1949இலேயே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானதையும் அங்கே சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு திறப்பு அலுவலகத்திலிருந்து டீச்சர்மாரின் அறைக்கு மாறியது. அறிவித்தல் எதுவும் வரவில்லை. யார் மாற்றியது என்றும் யாரும் சொல்லவில்லை. மலசலகூடத்தின் தண்ணீர்க் குழாய் இன்னமும் உடைந்துதான் இருக்கிறது. ஆனால் அடுத்த தவணை வினாக்களுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் மூன்று பக்கம் நீண்டது.

இறுதியாக

225 பேர் கொண்ட எமது பாராளுமன்றத்தில் இன்றும் 29 பேர் தேசியப் பட்டியல் வழியே வருகிறார்கள். ஊருக்கொரு தேசியப் பட்டியல் வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டு எமது ஊர்கள் களைத்துப் போயிருக்கின்றன. யாராவது தருவார்கள் என்று காத்திருக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. அது 1889இல் திறந்த அந்தக் கதவின் முன்னாலேயே தொடங்கியது. அப்பழக்கத்தைப் பாடசாலையிலும் வளர்க்க வேண்டுமா என்பதே எனது கேள்வி.

பொறுப்பாசிரியர்களாக இருக்கும் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும் மூன்று விடயங்களை மட்டும் கேட்கிறேன். வாக்கைப் பிள்ளைகளின் கண்முன்னே எண்ணுங்கள். உரையை அவர்களே எழுதட்டும். சபையில் எழும் ஒரு கேள்விக்காவது அந்தத் தவணைக்குள் பாடசாலை பதில் சொல்லட்டும். அங்கியும் செங்கோலும் பிறகு வரலாம்; வராவிட்டாலும் குறையில்லை.

அந்தப் பையன் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான். இப்போது சந்தையில் வாப்பாவுடைய இடத்தில் நின்று மீன் வெட்டிக் கொடுக்கிறான். என்னைக் கண்டால் சலாம் சொல்லி, எனக்கு முதலில் நிறுத்துத் தருவான். பழைய கதையை அவன் எடுப்பதில்லை. நானும் பலமுறை வாயெடுத்துவிட்டுச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாக்கு ஓர் அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது நாட்டின் தேர்தலல்ல, என் அலுமாரிதான். அந்தச் சீட்டுகளை நான் இன்னும் வீசவில்லை. 37, 19, 8. அவனுடைய கேள்விக்கு இதுதான் பதில். அவை எங்கும் போகவில்லை, என்னிடம்தான் இருந்தன. இந்த இதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியை அவனிடம் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.